சின்னப் பிள்ளைகளுக்குச் சனிக்கோளைக் காட்டுவது எப்படி? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, காரைக்கால் பக்கம் பிள்ளைகளுக்கு வானம் காட்டும்போது பெற்றோரும் அங்கன்வாடி, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. மூன்று வயது முதல் ஒன்பது வயது வரையிலான பிள்ளைகளுக்கானவை. நம் பக்கத்துப் பிள்ளைக்குச் சனி என்ற பெயர் புதிதல்ல. கோள் என்று தெரியும் முன்பே அது திட்டாகவும் பயமாகவும் காதில் விழுந்துவிடுகிறது. அதனால் புத்தகப் படத்தில் தொடங்காமல் வானத்தில் தொடங்குங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறோம். தன் கண்ணால் பார்த்த பொருளிடம் பிள்ளைக்குப் பயம் நிற்காது.

எந்த வயசுல ஆரம்பிக்கலாம்? மூணு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியுமா?

மூன்று வயதுக்குப் புரிய வேண்டியது ஒன்றுதான்: "அதோ, அந்த வெளிச்சம் சனி." மொட்டைமாடியில் தூக்கி வைத்துக்கொண்டு விரலால் காட்டினால் போதும். அடுத்த வாரம் பிள்ளையே தேடி உங்களுக்குக் காட்டும். வளையம், வாயு, தூரம் எதுவும் அப்போது வேண்டாம்.

ஐந்து வயதில் உருண்டையும் வளையமும் செய்து பார்க்கலாம். எண்களை ஏழு வயதுக்குப் பிறகு கொண்டுவாருங்கள். நூறுவரை எண்ணும் பிள்ளையிடம் 143 கோடி கிலோமீட்டர் என்று சொல்லிப் பயனில்லை. தூரத்தை நடந்தே காட்டும் வழி கீழே இருக்கிறது.

வெறும் கண்ணுக்கே தெரியுமா? அத்தனை நட்சத்திரத்துல இதுதான் சனின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நன்றாகவே தெரியும். நட்சத்திரம் மினுக்கும், சனி மினுக்காமல் நிதானமாக நிற்கும். நிறம் வெளிர் மஞ்சள். சூரியனும் நிலவும் போகிற தடத்திலேயே இருக்கும், அதனால் வடக்கே துருவ நட்சத்திரப் பக்கம் தேட வேண்டாம். 2026, 2027-ல் சனி மீன ராசிப் பக்கம் இருக்கிறது. அங்கே பளிச்சென்ற நட்சத்திரங்கள் குறைவு என்பதால் குழப்பமும் குறைவு. வியாழனும் வெள்ளியும் இதைவிட மிக அதிகமாக ஒளிரும், அவற்றைச் சனி என்று நினைத்துவிடாதீர்கள்.

எளிதான வழி நிலவைப் பிடித்துக்கொள்வது. ஏறக்குறைய 27 நாளுக்கு ஒருமுறை நிலவு சனியின் பக்கத்தால் கடந்து போகும். "நிலவுக்குப் பக்கத்துல இருக்கே, அது" என்றால் நான்கு வயதுப் பிள்ளையும் பிடித்துக்கொள்ளும். எந்த நாள் என்பதை ஸ்டெல்லேரியம் போன்ற கைபேசிச் செயலியில் முதல் நாளே பார்த்து வையுங்கள். இருட்டில் பிள்ளையின் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டினால் கண் கூசி, பிறகு வானத்தில் எதுவும் தெரியாது.

அக்டோபர்லதான் நல்லா தெரியும்னு போட்டிருக்கு. இங்க அப்பதானே மழை கொட்டுது?

வானத்தில் சூரியனுக்கு நேர் எதிரே, பூமிக்கு மிக நெருக்கத்தில் சனி வரும் நாள் (எதிர்நிலை நாள்) 2026-ல் அக்டோபர் 4, 2027-ல் அக்டோபர் 18. வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் தள்ளிக்கொண்டே போகும். டெல்டாவில் அது வடகிழக்குப் பருவமழையின் வாசல். அந்த ஒரு நாளை நம்பிப் பள்ளியில் நிகழ்ச்சி வைத்தால் மேகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அந்த நாளைப் பிடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. முன்னும் பின்னும் மூன்று மாதம் சனி நன்றாகவே தெரியும். நமக்கு ஏற்றது தை மாதம். மழை ஓய்ந்திருக்கும், பொங்கல் விடுமுறையும் இருக்கும், இருட்டியதும் சனி மேற்கு வானில் நல்ல உயரத்தில் நிற்கும், பிள்ளைகளை எட்டு மணிக்குள் தூங்க அனுப்பிவிடலாம். 2027-ல் தை பிறந்ததும் பார்த்துவிடுங்கள். மாசியில் மேற்கே தாழ்ந்துகொண்டே போய், பங்குனியில் சூரிய வெளிச்சத்தில் மறைந்துவிடும்.

வீட்டுல இருக்கிற சாமான வச்சு சனி மாதிரி செய்யணும். அளவோட சொல்லுங்க.

களிமண், ஈர்க்குச்சி நான்கு, எரிந்து முடிந்த ஊதுவத்திக் குச்சி ஒன்று, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, காம்பஸ். இவ்வளவே. களிமண்ணைப் பிசைந்து ஆறரை செ.மீ. உருண்டையாக உருட்டுங்கள். பிறகு மேலும் கீழும் லேசாக அமுக்குங்கள். உண்மையான சனியும் அப்படித்தான் இருக்கிறது: பத்தரை மணி நேரத்தில் ஒருமுறை சுழல்கிற வேகத்தில் நடுப்பகுதி புடைத்து, உயரம் அகலத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஈரமாக இருக்கும்போதே ஊதுவத்திக் குச்சியை மேலிருந்து கீழாகவும், மூன்றரை செ.மீ. நீள ஈர்க்குகளை இடுப்பைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரு செ.மீ. ஆழத்துக்கும் குத்திவிடுங்கள். நிழலில் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் மேல்புறம் மட்டும் சீக்கிரம் காய்ந்து வெடிப்பு விடும்.

வளையத்தை உருண்டை காய்ந்த பிறகே வெட்டுங்கள், மண் சுருங்குமல்லவா? காய்ந்த உருண்டையின் அகலத்தை அளந்து 2.27-ஆல் பெருக்கினால் வளையத்தின் வெளி விட்டம், 1.24-ஆல் பெருக்கினால் உள் விட்டம். உருண்டை 6 செ.மீ. என்றால் காம்பஸை 6.8 செ.மீ., 3.7 செ.மீ. என்று வைத்து இரண்டு வட்டம் போட வேண்டும். மையத்திலிருந்து 6 செ.மீ. தூரத்தில் 2 மி.மீ. அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டக் கோடு. அதுதான் காசினி இடைவெளி, வளையத்தின் நடுவே கறுப்பாகத் தெரியும் பிளவு. உண்மையில் அதன் அகலம் ஏறக்குறைய 4,800 கி.மீ. வளையத்தை ஈர்க்குகளின் மேல் படுக்க வைத்து ஒட்டுங்கள். பெரும்பாலான பள்ளி மாதிரிகளில் வளையம் உருண்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அது தவறு. நடுவே வெற்றிடம் தெரிய வேண்டும். ஆறு செ.மீ. உருண்டைக்குச் சுற்றிலும் 7 மி.மீ.

தெர்மாகோல் உருண்டையிலும் செய்யலாம். ஆனால் ஸ்பிரே பெயின்ட் அடித்தால் தெர்மாகோல் கரைந்து குழி விழும். போஸ்டர் கலர் போதும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஈர்க்கு குத்துவதைப் பெரியவர்கள் செய்துகொடுங்கள்.

வளையம் ஒரே தகடா? கல்லா? என்னன்னு சொல்றது?

கோடிக்கணக்கான பனிக்கட்டித் துண்டுகள். பெரும்பகுதி தண்ணீர்ப் பனிதான், கூடக் கொஞ்சம் தூசி. பொடி முதல் வீட்டளவு வரை எல்லா அளவிலும் உண்டு. இதை வாயால் சொல்வதைவிட உப்பில் காட்டுவது நல்லது, வேதாரண்யம் உப்பு நம் பக்கத்துச் சரக்குதானே. கறுப்பு சார்ட் தாளில் 10 செ.மீ. ஆரத்தில் சனி. அதே மையத்தில் 12.4 செ.மீ. தொடங்கி 22.7 செ.மீ. வரை வளையம். காசினி இடைவெளிக்காக 19.5-க்கும் 20.3-க்கும் இடையில் மட்டும் பசை தடவாமல் விடுங்கள். மற்ற இடத்தில் பசை தடவி, கல் உப்பையும் தூள் உப்பையும் கலந்து தூவி, காய்ந்ததும் தட்டிவிடுங்கள்.

சுவரில் மாட்டிப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் வழவழவென்று வெள்ளைப் பட்டை. கிட்டே போய் மூக்கு உரசப் பார்த்தால் தனித்தனிக் கல், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலை, இடையில் கறுப்பு. பிள்ளைகளை முன்னும் பின்னும் நடக்கவிடுங்கள், விளக்கமே வேண்டியிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் இதைச் செய்யாதீர்கள். ஈரக் காற்றில் உப்பு கசிந்து தாள் நனைந்துவிடும். மழைக்காலத்தில் உப்புக்குப் பதில் ரவையும் ஜவ்வரிசியும் போடுங்கள்.

வளையம் எவ்வளவு கனம் இருக்கும்?

பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டர் அளவுதான். அகலமோ ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஏறக்குறைய 2,73,000 கி.மீ. இந்த வளையத்தைச் சுருக்கித் தஞ்சாவூர் முதல் கும்பகோணம் வரை, அதாவது 40 கி.மீ. அகலத்துக்கு விரித்தால், கனம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. நம் பத்திரிகை அட்டை உண்மையான வளையத்தைவிட மிக மிகத் தடிமன் என்பதைப் பெரிய பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

அந்தத் துண்டெல்லாம் ஏன் கீழ விழல?

நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதால். சனியின் ஈர்ப்பு ஒவ்வொரு துண்டையும் இழுக்கிறது. துண்டோ பக்கவாட்டில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து அதைச் சுற்றவைக்கின்றன. உள்விளிம்பில் இருப்பவை ஆறு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடிக்கும். வெளிவிளிம்பில் இருப்பவைக்குப் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அங்கன்வாடியில் விளையாட்டாகக் காட்டலாம். கோலமாவால் ஒரே மையத்தில் மூன்று வட்டம் போட்டு, ஒரு பிள்ளையை நடுவில் சனியாக நிறுத்துங்கள். உள்வட்டத்தில் இருப்பவர்கள் ஓட வேண்டும், நடுவட்டம் வேக நடை, வெளிவட்டம் மெல்ல நடை. எல்லாரும் கைகோத்துக்கொண்டால் இது வராது, ஒரே தகடு போலச் சேர்ந்து சுற்றுவார்கள். கைகோக்கவிட்டு ஒருமுறை, விட்டுவிட்டு ஒருமுறை செய்துகாட்டினால் வளையம் ஏன் ஒற்றைத் தகடாக இருக்க முடியாது என்பதும் புரியும். 1850-களில் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கணக்குப் போட்டு நிறுவியதும் இதைத்தான்.

பைனாகுலர் போதுமா, டெலஸ்கோப் வாங்கணுமா?

சாதாரண பைனாகுலரில் வளையம் தனியாகத் தெரியாது, சற்று நீண்ட புள்ளியாகத் தெரியும். வளையம் தெரிய 25 மடங்காவது வேண்டும். 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத்தூரமும் உள்ள சாதாரணத் தொலைநோக்கியே போதும். 25 மி.மீ. ஐபீஸ் (கண்ணருகே பொருத்தும் வில்லை) போட்டால் 28 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 70 மடங்கு. பெட்டியின் மேல் "525 மடங்கு" என்று அச்சடித்திருந்தால் நம்ப வேண்டாம். விட்டத்தின் மில்லிமீட்டரை இரண்டால் பெருக்குங்கள், உருப்படியாகப் பயன்படும் உருப்பெருக்கம் அதற்கு மேல் போகாது. 70 மி.மீ.-க்கு 140. பணம் செலவழிப்பதானால் ஆடாத முக்காலிக்குச் செலவழியுங்கள். முக்காலி ஆடினால் எந்த வில்லையும் உதவாது.

வாங்க முடியாவிட்டால் குறையில்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் ஊர்களில் வான்நோக்கு நிகழ்ச்சி நடத்துவதுண்டு. திருச்சி அண்ணா அறிவியல் மையத்தில் கோளரங்கம் இருக்கிறது. எந்தத் தொலைநோக்கியானாலும் ஒரு கண்டிப்பு: சூரியன் முழுதாக மறையும் முன் வெளியே எடுக்காதீர்கள். சனியைத் தேடி மேற்கே திருப்பும்போது சூரியன் ஒரு நொடி உள்ளே விழுந்தாலும் கண் போய்விடும்.

டெலஸ்கோப்ல பார்க்கச் சொன்னா "ஒண்ணும் தெரியல"ங்கிறான். எங்களுக்கெல்லாம் தெரியுதே?

பெரும்பாலும் காரணம் பிள்ளையிடம் இல்லை. பூமி சுழல்வதால் சனி பார்வையை விட்டு நகர்ந்துவிடுகிறது. 70 மடங்கில் நடுவில் வைத்த சனி ஒன்றரை நிமிடத்துக்குள் ஓரத்துக்குப் போய்விடும். பிள்ளை ஸ்டூலில் ஏறி, கண்ணைப் பொருத்துவதற்குள் அங்கே வெற்று வானம். ஆகவே முதலில் 25 மி.மீ. ஐபீஸ், ஒவ்வொரு பிள்ளைக்கும் முன் நீங்கள் ஒருமுறை பார்த்துச் சரிசெய்தல், சனி உள்ளே நுழையும் ஓரத்தில் வைத்துவிட்டு விலகுதல். இவை மூன்றும் பழகினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஆறு வயதுக்குக் கீழே பலருக்கு ஒற்றைக் கண்ணை மூட வராது. உள்ளங்கையைக் குவித்து ஒரு கண்ணை மறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குழாயைப் பிடிக்கக் கூடாது, கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். "தெரியுதா?" என்று கேட்காதீர்கள், பிள்ளை உங்களுக்காக "தெரியுது" என்று சொல்லிவிடும். "என்ன வடிவத்துல இருக்கு, வரைஞ்சு காட்டு" என்று கேளுங்கள். வட்டத்தின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டு ஏதோ வரைந்தால் பார்த்துவிட்டது என்று பொருள். 1610-ல் கலிலியோவும் முதலில் இரண்டு பக்கமும் துணை உருண்டைகள் இருப்பதாகவே நினைத்தார்.

தையில் பனி இறங்கும். வில்லையில் படிந்தால் உருவம் மங்கும். துணியால் துடைத்தால் கீறல் விழும், ஹேர் டிரையரில் தள்ளிப் பிடித்துக் காய வையுங்கள். பகல் வெயிலில் காய்ந்த மொட்டைமாடியிலிருந்து சூடு கிளம்பிக்கொண்டிருக்கும்போது சனி தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். முடிந்தால் மண்தரைக்குப் போங்கள். களத்துமேடு என்றால் டார்ச்சும் செருப்பும் கட்டாயம்.

இவ்ளோ தம்மாத்தூண்டா? போன்ல பெருசா அழகா இருந்துச்சேன்னு அழுவுறா.

முன்னாலேயே சொல்லிவைக்காததால் வரும் ஏமாற்றம் இது. கைபேசியில் பார்த்த படங்களில் பல காசினி விண்கலம் பக்கத்திலிருந்தே எடுத்தவை. அது 1997-ல் கிளம்பி, 2004-ல் சனியை அடைந்து, 2017 செப்டம்பர் 15 வரை சுற்றியது.

பார்க்கப் போகும் முன் தாளில் 7 மி.மீ. நீளத்துக்கு ஒரு குட்டிச் சனி வரைந்து, அரை மீட்டர் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். 70 மடங்கில் ஏறக்குறைய அந்த அளவில்தான் தெரியும். "படம் இல்லை, சனியிலிருந்தே கிளம்பி வந்த வெளிச்சம். ஒன்றேகால் மணி நேரம் வழியில் இருந்துவிட்டு இப்போது உன் கண்ணுக்குள் வருகிறது" என்றும் சொல்லுங்கள். அது நிஜம், பிள்ளைகளும் அதை மறப்பதில்லை.

கோயில்ல சனி கறுப்புத்துணி கட்டியிருக்காரு. இது ஏன் மஞ்சளா இருக்கு?

கோயிலில் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு நிறத்தில் வஸ்திரம் சாத்துவது வழிபாட்டு மரபு. வானத்துச் சனியின் மேல்பரப்பில் அம்மோனியா பனி மேகங்களும் அவற்றுக்கு மேலே மங்கலான படலமும் இருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளி வெளிர் மஞ்சளாகத் தெரிகிறது. மாதிரிக்கு வண்ணம் அடிக்கும்போது சந்தன நிறம் எடுத்து, குறுக்கே இரண்டு மூன்று பட்டை சற்று அழுத்தமாகப் போட்டால் சரியாக இருக்கும்.

சனி பார்வை படக் கூடாதுன்னு அப்பாயி சொல்றாங்க. டெலஸ்கோப்ல நேருக்கு நேரா காட்டலாமா?

தாராளமாகக் காட்டலாம். சன்னிதியில் நேருக்கு நேர் நிற்காமல் ஒதுங்கி நின்று கும்பிடுவது கோயில் வழக்கம், அது கோயிலோடு இருக்கட்டும். வானத்துச் சனிக்குச் சொந்த ஒளி கிடையாது. சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அந்த ஒளி தெளிந்த இரவுகளில் ஊரார் எல்லார் மேலும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. கண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

பிள்ளைக்கு எதிரே பெரியவர்களை மறுத்துப் பேசாதீர்கள். பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வானத்தையே விட்டுவிடும். அப்பாயியை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வளையத்தைப் பார்த்துவிட்டு அவரே பேரப்பிள்ளையைக் கூப்பிடுவார். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறோம்: வீட்டில் பிள்ளையைச் "சனியனே" என்று திட்டுவதை நிறுத்துங்கள். திட்டாகக் கேட்ட பெயரை ஆசையாகத் தேடிப் பார் என்று சொல்ல முடியாது.

"சனி சாமியா, கிரகமா?"ன்னு கேக்குறா. என்ன சொல்ல?

நான்கு வயதுக்கு: "கோயில்ல கும்பிடுறது சனீஸ்வரன். அதே பேருல வானத்துல ஒரு கோள் இருக்கு. இப்ப கோளைப் பார்ப்போம்." இதற்கு மேல் தேவையில்லை.

எட்டு வயதில் குழப்பம் வேறு மாதிரி வரும். பள்ளிப் புத்தகத்தில் எட்டுக் கோள், கோயிலில் ஒன்பது கிரகம். நவக்கிரகத்தில் சூரியன் ஒரு நட்சத்திரம், சந்திரன் பூமியின் துணைக்கோள், ராகுவும் கேதுவும் நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். மீதி ஐந்தும் வெறும் கண்ணுக்குத் தெரியும் ஐந்து கோள்களேதான். கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரகக் கோயில்களுக்குப் போய்வந்த பிள்ளையிடம் அந்த ஐந்தையும் வானத்தில் தேடச் சொல்லுங்கள்: திருவெண்காட்டுப் புதன், கஞ்சனூர் சுக்கிரன், வைத்தீஸ்வரன்கோயில் செவ்வாய், ஆலங்குடி குரு, திருநள்ளாறு சனி. எல்லாம் ஒரே இரவில் கிடைக்காது. ஒரு வருடத்தில் முடிக்கலாம். புதன்தான் கடினம், சூரியனை விட்டு அதிகம் விலகாது.

சனிக்கிழமைதான் தெரியுமா?

இல்லை. கிழமைக்கும் தெரிவதற்கும் தொடர்பில்லை.

ஏழரை வருஷம், முப்பது வருஷம்னு சொல்றாங்களே, அதுக்கும் கோளுக்கும் சம்பந்தம் உண்டா?

காலக்கணக்கு வானத்திலிருந்து வந்ததுதான். சனி சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 29 வருடம் 5 மாதம். அதை முப்பது என்று வைத்துப் பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு இரண்டரை வருடம், மூன்று ராசிக்கு ஏழரை. "முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை" என்ற பழமொழியிலும் இந்தச் சுற்றுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நல்ல வகுத்தல் கணக்கு. பலன்களைப் பற்றி வானியலில் ஒன்றும் இல்லை என்பதைக் கேட்டால் நேராகச் சொல்லுங்கள்.

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் பார்த்த பிள்ளைக்கு இன்னொன்று: அறுபது வருடத்தில் சனி ஏறக்குறைய இரண்டு சுற்று, வியாழன் ஐந்து சுற்று முடித்து, இரண்டும் வானத்தில் பழைய இடத்துக்கு அருகே வந்துவிடும். தாத்தா சனியின் கணக்கில் இரண்டு வயதுக்காரர். ஆறு வயதுப் பிள்ளைக்கு அங்கே இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அங்க போயி நிக்க முடியுமா?

நிற்கத் தரை இல்லை. ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் பெரும்பகுதி. இறங்க இறங்க வாயு அடர்ந்து, அழுத்தமும் சூடும் ஏறி, எந்தக் கலமும் நசுங்கிவிடும். மேகமட்டத்தில் குளிர் ஏறக்குறைய மைனஸ் 140 டிகிரி. நடுக்கோட்டுப் பகுதியில் காற்று மணிக்கு 1,800 கி.மீ. வரை வீசும். 2018-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது வேகம் நூறைச் சற்றுத் தாண்டியதற்கே தென்னந்தோப்புகள் சாய்ந்தன.

தரையில்தான் இறங்க வேண்டும் என்றால் சனியின் பெரிய நிலவான டைட்டனில் இறங்கலாம். காசினியோடு போன ஹைகன்ஸ் கலம் 2005 ஜனவரி 14-ல் அங்கே இறங்கிப் படம் அனுப்பியது. டைட்டன் புதன் கோளைவிடப் பெரியது. உங்கள் 70 மி.மீ. தொலைநோக்கியிலும் சனிக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளியாகத் தெரியும். 16 நாளில் ஒரு சுற்று. நான்கு நாள் விட்டு மறுபடி பார்த்தால் இடம் மாறியிருக்கும்.

சனிய தண்ணில போட்டா மிதக்கும்கிறது நிஜமா?

பாதி நிஜம். சனியின் சராசரி அடர்த்தி கன செ.மீ.-க்கு 0.69 கிராம், தண்ணீருக்கு 1. அதாவது அதே பருமனுள்ள தண்ணீரைவிடச் சனி எடை குறைவு. ஆனால் அது கெட்டியான பந்து அல்ல. அவ்வளவு தண்ணீர் இருந்தாலும் வாயு பிரிந்து கலந்துவிடும், நடுவிலுள்ள அடர்ந்த பகுதி மூழ்கும்.

பிள்ளைகள் இதிலிருந்து "சனி லேசானது" என்று முடிவுகட்டிவிடுவார்கள். 95 பூமியின் நிறை அதற்கு. மிதக்கும் கதையைச் சொன்னால் இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

திருநள்ளாறுக்கு மேல வரும்போது சாட்டிலைட் எல்லாம் மூணு செகண்ட் நின்னு போகுதாமே?

இல்லை. நாசா அப்படிச் சொன்னதும் இல்லை, எந்தச் செயற்கைக்கோளும் நின்றதும் இல்லை. பூமிக்கு அருகே சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் போகிறது. மூன்று நொடியில் இருபது கிலோமீட்டருக்கு மேல் தாண்டிவிடும். வளையத் துண்டுகளைப் பற்றிச் சொன்னதேதான் இங்கேயும்: ஓட்டம் நின்றால் கீழே விழ வேண்டியதுதான். ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கின்றன, திருநள்ளாற்றுக்கு மேலே இல்லை.

எவ்வளவு தூரம்னு எப்படிப் புரியவைக்கிறது?

நடந்துதான். மேலே செய்த 6 செ.மீ. சனியையே எடுத்துக்கொள்ளுங்கள். நேராகப் போகும் வாய்க்கால் கரையோ நீளத் தெருவோ வேண்டும். ஓரிடத்தில் கோலமாவால் 70 செ.மீ. அகலத்துக்கு ஒரு வட்டம், அது சூரியன். அங்கிருந்து 75 மீட்டரில் ஒரு பெரிய மிளகை வையுங்கள், அது பூமி. சனியை வைக்க 710 மீட்டர் போக வேண்டும். சிறு கால்களுக்குப் பதினைந்து நிமிடம் ஆகும், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

சனியருகே நின்று திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கோல வட்டம் கண்ணுக்கே தெரியாது. அங்கே ஏன் அவ்வளவு குளிர் என்று தனியாகச் சொல்ல வேண்டியிராது. டைட்டனை வைக்க ஆசைப்பட்டால் ஒரு கம்பு மணி, சனியிலிருந்து 61 செ.மீ. தள்ளி.

திருக்கணிதப்படி பெயர்ச்சி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026-லதான்கிறாங்க. வானத்துல எப்ப மாறுச்சு?

வானத்தில் ராசிக்குக் கோடு கிழித்து வைத்திருக்கவில்லை. எல்லையைப் போட்டது மனிதர்கள். சனி குதிப்பதும் இல்லை, நாளுக்குக் கொஞ்சமாக நகர்கிறது. இரண்டு பஞ்சாங்கமும் அதன் இடத்தைக் கணிக்கும் முறை வேறு, அதனால் தேதி வேறு. திருக்கணிதம் இக்காலக் கோள்நிலைக் கணக்கை எடுத்துக்கொள்வதால் நீங்கள் வானத்தில் பார்க்கும் இடத்தோடு அது பொருந்தும். திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுகிறது.

2025-ல பார்த்தோம், வளையமே இல்ல. உடைஞ்சு போச்சா?

உடையவில்லை. சனி 27 பாகை சாய்ந்தபடி சுற்றுகிறது. ஒரு சுற்றில் இரண்டுமுறை வளையத்தின் விளிம்பு நமக்கு நேராக வரும். மேலே சொன்ன கனத்தை நினைத்துப் பாருங்கள், அவ்வளவு மெல்லிய விளிம்பு இந்தத் தூரத்திலிருந்து தெரியாது. 2025 மார்ச் 23-ல் அப்படி வந்தது. அதன்பின் அந்த வருடம் முழுக்க வளையம் கீற்றாகவே இருந்தது.

செய்து காட்டுங்கள். பிள்ளை நடுவில் உட்காரட்டும். நீங்கள் இரண்டு மீட்டர் தள்ளி, மாதிரியைப் பிள்ளையின் கண் உயரத்தில் பிடியுங்கள். ஊதுவத்திக் குச்சியின் மேல்முனையைக் கோயில் கோபுரம் போன்ற ஒரே திசைக்குச் சாய்த்தபடி பிள்ளையைச் சுற்றி நடங்கள். காகிதத்தின் ஒரு மூலையை மூன்றாக மடித்தால் 30 பாகை, அதைவிடக் கொஞ்சம் குறைவான சாய்வு. நடக்கும்போது உங்களோடு சேர்ந்து குச்சியும் திரும்பிவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. குச்சி கோபுரத்தையே காட்ட வேண்டும். அப்போது இரண்டு இடத்தில் வளையம் விரிந்தும் இரண்டு இடத்தில் வெறும் கோடாகவும் பிள்ளைக்குத் தெரியும்.

வளையம் சனிக்கு மட்டும்தானா? நிலா எத்தனை?

வியாழன், யுரேனஸ், நெப்டியூனுக்கும் மங்கலான வளையங்கள் உண்டு. யுரேனஸின் வளையம் 1977 மார்ச் 10-ல் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது தெரியவந்தது. அந்த ஒளிக்குறைவு நம் தமிழ்நாட்டுக் காவலூர் வான் ஆய்வகத்திலும் பதிவானது. சனியின் நிலவுகள், 2025 மார்ச்சில் புதிதாக 128-ஐச் சேர்த்த பிறகு, 274. எண் இன்னும் கூடலாம், மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்.

பையனுக்கு இப்ப அஞ்சு வயசு. வளையம் நல்லா விரிஞ்சு எப்ப பார்ப்பான்?

வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து 2032-ல் முழு அகலம் வரும். அதற்குள் எதிர்நிலை நாளும் நகர்ந்து 2031-ல் டிசம்பருக்குப் போய்விடும். அதனால் 2032 பொங்கல் சமயத்தில் சனி இருட்டும்போதே கிழக்கில் நல்ல உயரத்தில் இருக்கும், மழைத் தொல்லையும் இராது. அதுவரை ஒவ்வொரு தையிலும் ஒரு படம் வரையச் சொல்லித் தேதி போட்டு வையுங்கள். ஒரே ஐபீஸில், ஒரே அளவு வட்டத்துக்குள் வரைந்தால்தான் வளையம் விரிவது படங்களில் தெரியும். 2032-க்குப் பிறகு திரும்பக் குறுகி, 2038 அக்டோபரில் மறுபடியும் ஒற்றைக் கோடாகும்.